நாற்பது வசையில் ஒரு மெய்

போன மாதம் நகரத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். ஊர்ச் சடங்குகளில் வருகிற ஆவேசம், அது பாட்டுக்குள்ளும் கூத்துக்குள்ளும் வந்து சேருகிற விதம், இதைப் பற்றிப் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பெரிய அறிஞன் ஒன்றுமில்லை. பகலில் ஓர் அரசாங்கக் கந்தோரில் காணிக் கோப்புகளைப் புரட்டுகிறவன், பின்னேரங்களில் கவிதை எழுதுகிறவன். எங்கள் ஊரில் நெடுங்காலத்துக்குப் பிறகு கொம்புமுறி நடந்தபோது வசைப்பாட்டு எழுதியவன் என்று ஒரு பெயர் இருந்தது, அதற்காகத்தான் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். சனம் ஒன்றாகச் சேர்ந்து தன்னை மறக்கிற அந்த நிலைக்குக் 'கூட்டுப் பரவசம்' என்று ஒரு சொல்லும் போட்டேன். கை தட்டினார்கள். கடைசியில் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழும்பினாள்.

"சேர், அந்த வசையால ஆருக்கும் மனம் நொந்ததில்லையா?"

"இல்லை," என்றேன். "எல்லாம் குளிர்த்தித் தண்ணியோட போயிடும்."

அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். கல்லடிப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது அவள் எழுதிய அந்தப் பேனைச் சத்தம்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கேள்விக்கு நேரே பதில் சொல்லத் தைரியமில்லாதவன் நாற்பது நிமிடம் பேசியிருக்கக்கூடாது. அந்தப் பொய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொம்புமுறியை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் அன்றைக்கு வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். எங்கள் ஊரில் சேரி தகப்பன் வழியாக வருவது, கலியாணம் கட்டினாலும் மாறாது. அதனால் ஒரே வீட்டில் புருசன் ஒரு சேரி, பெண்சாதி மற்றச் சேரி என்று இருப்பார்கள். வளைந்த மரக்கொம்பு இரண்டை ஒன்றுக்குள் ஒன்று கொழுவி, வடம் கட்டி, இரண்டு சேரியும் இரண்டு பக்கம் நின்று இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். மழை பொய்த்த வருசங்களில் கண்ணகி அம்மனின் மனம் குளிர வேண்டும் என்று செய்வது இது. அம்மன் குளிர முதல் மனிதர் கொதிக்க வேண்டும் போலும்.

முறிந்த பிறகுதான் வசை. வென்ற சேரி தன் கொம்பை அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுபோய், தோற்ற சேரியின் ஒவ்வொரு வீட்டுக் கடப்படியிலும் நின்று ஏசிப் பாடும். வளவு வாசலை நாங்கள் கடப்பு என்போம். தோற்ற வீட்டுப் பெண் நிறைகுடத்தோடு கடப்படிக்கு வந்து, பாடி முடிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். முகம் சுளித்தால் அவள் சேரி இரண்டாம் தரமும் தோற்றுப்போனது என்று கூக்குரல் போடுவார்கள். மூன்றாம் நாள் கோயிலில் குளிர்த்தி. வேப்பிலையால் எல்லோர் தலையிலும் தண்ணீர் தெளித்துவிட்டால் சொன்னவை எல்லாம் சொல்லாதவை ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. மன்னிப்புக் கேட்பதுகூடக் குற்றம்.

நான் வடசேரி. என் மனைவி தென்சேரி. எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. ஆரையம்பதிக்கு அங்கால் வாவிக்கரையோரமாக மாமனார் தன் வளவை இரண்டாகப் பிரித்து, இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மனைவியின் தங்கை, என் மச்சாள். நடுவில் ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான்.

மச்சாளின் புருசன் கட்டாருக்குப் போய் நாலு வருசம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தினமும் ஆறு மணிக்கு மச்சாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த வேலியடிக்கு வருவாள். சிக்னல் அங்குதான் வரும் என்பாள். "ஓம், சாப்பிட்டன். நீங்க?" "அங்க வெயில் கூடவா?" "இந்த மனிசனுக்கு எந்த நேரமும் பகிடிதான்." ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ஒழுங்கையில் போகிற பெண்கள் நடையைக் குறைத்துக் கேட்டுவிட்டுப் போவார்கள். "அவளுக்கென்ன கா, ராசாத்தி. நம்மட மனிசன் பக்கத்துல இருந்தும் ஒரு வார்த்த கதைக்கிறாரா?" என்று பெருமூச்சு விடுவார்கள். ஊரில் சாமத்தியச் சடங்கென்றாலும் கலியாணமென்றாலும் ஆலாத்தி எடுக்க முதலில் கூப்பிடுவது மச்சாளைத்தான். புருசன் கடல் கடந்து இருந்தும் ஒரு நாள் தவறாமல் கதைக்கிறான் என்றால் அவள் கைராசியைக் கேட்கவா வேண்டும்.

கொம்பு எடுத்ததற்கு முந்தின வருசம் ஆவணியில் ஒரு நாள், மனைவி சந்தைக்குப் போயிருந்த நேரம், மச்சாள் அந்தப் போனை வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"அத்தான், இத ஒருக்காப் பாருங்க. மூணு நாளா ஓன் ஆகுதில்ல."

வாங்கிப் பார்த்தேன். பற்றறி வீங்கிப் பின்மூடி பிதுங்கி நின்றது. முந்தின நாள் பின்னேரம் இருபது நிமிடம் இந்தப் போனில்தான் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நீட்டிய பிறகுதான் அது உறைத்திருக்க வேண்டும். கையைத் திருப்பி எடுக்கப் பார்த்தாள், ஆனால் போன் என் கைக்கு வந்துவிட்டது. மூடி பிதுங்கினால் இனிக் காதில் வைக்கும்போது பார்க்கிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் தந்தாள்.

காத்தான்குடியில் எனக்குப் பழக்கமான போன் கடை ஒன்றில் கொடுத்தேன். கடைக்காரர் பற்றறியைக் கழற்றி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

"சேர், இது மூணு நாள் கதையில்ல. மாசக்கணக்காச் செத்துக் கெடந்த போன் இது."

புதிய பற்றறி போட்டதும் திரை எரிந்தது. யார் யார் அழைப்பு எடுத்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவன் கடைசியாக எடுத்தது பொங்கலுக்கு முந்தின கிழமை. அதற்கு மேலே வைகாசி வரைக்கும் இவள் அவனுக்கு எடுத்து எடுத்துக் கிடைக்காமல் போன அழைப்புகள் வரிசையாக ஏறிக் கிடந்தன. அதற்குப் பிறகு போனே இல்லை. போன் இல்லாத மூன்று மாதமும் அவள் ஆறு மணிக்கு வேலியடிக்கு வந்து கதைத்திருக்கிறாள்.

கொண்டுவந்து கொடுத்தபோது என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?"

"என்னத்த?"

"அக்காட்டச் சொல்லிப்போடாதீங்க, அத்தான். வாழாவெட்டி எண்டு சொல்லிருவாங்க." பிறகு போனைத் துடைத்தபடி, "இது ஓன் ஆகாமக் கெடந்ததாலதான் அவருக்குக் கெடைக்கல்லியோ தெரியா," என்றாள்.

"சொல்ல மாட்டன்," என்றேன். சொல்லவும் இல்லை. மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. அதை ஒரு பெரிய தியாகம் போல நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சாடை வந்தது. நான் கந்தோரால் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது மச்சாள் முற்றத்தில் நின்றால் என்னைப் பார்த்து மெல்லத் தலையை இரண்டு பக்கமும் அசைப்பாள். இன்றைக்கும் அவன் அழைப்பு எடுக்கவில்லை என்று அர்த்தம். ஊரில் அவள் உண்மை சொல்லுகிற ஒரே ஆள் நான்தான் என்பது எனக்கு உள்ளூர இனித்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருசம் மழை ஏமாற்றியது. கரடியனாற்றுப் பக்கத்தில் சொந்தக்காரரின் வயல்வட்டை முழுக்க நிலம் வெடித்துக் கிடந்தது. கோயில் கூட்டத்தில் கொம்பு எடுப்போம் என்று முடிவானது. வசை பாட ஆள் இருந்தது, கூத்தில் ராசா வேசம் கட்டுகிற ஒரு பெருங்குரல்காரர். ஆனால் பழைய வசைகளில் பாதிதான் அவருக்கு நினைவிருந்தது. "நீங்கதானே கவிஞர்," என்று என்னிடம் வந்தார்கள். இருபது வருசமாக எழுதுகிறேன். இரண்டு புத்தகம் போட்டு இரண்டும் கட்டிலுக்குக் கீழே கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. ஊர் என்னைக் கவிஞர் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

பெருங்குரல்காரர் தனக்கு நினைவிருந்ததைப் பாடிக் காட்டினார். எல்லாம் பச்சைப் பொய். தென்சேரிக்காரியின் மாமி ஏழு பானைச் சோறு தின்று எட்டாவது பானையைக் கடித்தாளாம். தென்சேரி மாப்பிள்ளை பயத்தில் ஆமை முதுகில் ஏறி வாவியைக் கடந்து ஓடினானாம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு இளக்காரம் வந்தது. இதில் என்ன இலக்கியம் இருக்கிறது? நல்ல எழுத்து மெய்யைத் தொட வேண்டும், வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டும் என்று படித்துப் படித்து வளர்ந்தவன் நான். வசை ஏன் முழுப் பொய்யாகவே இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஏழு பானைச் சோறு தின்ற மாமி உலகத்தில் எங்கும் இல்லை. அதனால்தான் எவளும் நிறைகுடத்தோடு நின்று அதற்குச் சிரிக்க முடியும். எங்கள் முன்னோர் மூடர் இல்லை. மூடன் நான்தான்.

நாற்பது வசை எழுதினேன். முப்பத்தொன்பது பொய். ஒரு பின்னேரம், வேலிக்கு அங்கால் "ஓம், சாப்பிட்டன்" என்று குரல் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நாற்பதாவது தானாக வந்தது.

அந்திபட்டால் வேலியடி ஆசைக்கதை கதைப்பாளாம்
அந்தப்பக்கம் ஆருமில்லை, ஆமெண்டு சொல்ல நாதியில்லை
செத்துப்போன போனுக்குள்ள சீமான் ஒருவன் இருக்கானாம்
தென்சேரிப் பொண்டுகளே, தேடிப் பிடிச்சுத் தாருங்களே!

எழுதி முடித்ததும் மயிர் கூச்செறிந்தது. மற்ற முப்பத்தொன்பதும் செய்தவை, இது பிறந்தது என்று எனக்கே தெரிந்தது. கிழித்துப்போட ஒரு எண்ணம் வந்து போனது. பேர் இல்லையே, நாற்பதுக்குள் ஒன்றாகப் போய்விடுமே, குளிர்த்தியோடு போய்விடுமே என்று மூன்று சாட்டுச் சொல்லி வைத்துக்கொண்டேன். உண்மையான காரணம் ஒன்றுதான். அது நன்றாக இருந்தது.

கொம்பு முறிந்தது வைகாசியில் ஒரு நாள் பின்னேரம் நாலு மணிக்கு. கோயில் வெளியில் மணல் காலைச் சுட்டது. பறை ஒரு பக்கம், உடுக்கு ஒரு பக்கம், பெண்களின் குரவை மேலே. முதலில் எல்லோரும் வெட்கத்தோடுதான் வடத்தைப் பிடித்தார்கள். பாதிப் பேர் படம் எடுக்க வந்தவர்கள். பத்து நிமிடத்தில் போன்கள் மடிக்குள் போயின. கோப்பில் ஒரு காற்புள்ளி தவறினால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் என் மேலதிகாரி சாரத்தை மடித்துக் கட்டி மணலில் உருண்டார். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர் மற்றச் சேரியில் நின்ற தன் சொந்த மருமகனைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் ஏசினார். எனக்குத் தொண்டை கிழிந்தது எப்போது என்று தெரியாது. வடம் உள்ளங்கைத் தோலை உரித்ததும் தெரியாது. இரத்தத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது. கொம்பு முறிந்த சத்தம் கேட்டபோது முறிந்தது தென்சேரிக் கொம்பு என்று பார்க்கவே ஒரு கணம் பிடித்தது. பிறகு நாங்கள் கத்தினோம். அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. என்னைப் பற்றிய ஞாபகமே எனக்கு இல்லாமல் போன சந்தோசம் அது. அதைத்தான் கருத்தரங்கில் பரவசம் என்றேன், அதில் பொய் இல்லை.

ஊர்வலம் வீடு வீடாகப் போனது. ஏழு பானை மாமிக்குச் சிரித்தார்கள். ஆமை மாப்பிள்ளைக்குச் சிரித்தார்கள். நாலாவது வீட்டிலோ ஐந்தாவது வீட்டிலோ பெருங்குரல்காரர் அந்த நாற்பதாவதை எடுத்தார். முதல் தடவை பாடியபோது சனம் ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு யாரோ ஒருத்தி "அடி ஆத்தே!" என்றாள். அந்தியில் வேலியடியில் கதைக்கிறவள் ஊரில் ஒருத்திதான். அதுவரை ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனாலும் பாட்டைக் கேட்டதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நாய்க்குக் கருவாடு எந்தச் சட்டியில் இருக்கிறது என்று ஆரும் சொல்லிக் கொடுப்பதில்லை, சனமும் அப்படித்தான். அதற்குப் பிறகு மற்ற முப்பத்தொன்பதும் தேவைப்படவில்லை. "போன் பாட்டு! போன் பாட்டு!" என்று கேட்டார்கள். யாரோ கையைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்று ஈற்றில் சேர்த்தான். இருநூறு பேர் காதில் கையை வைத்துக்கொண்டு இடுப்பை வெட்டி ஆடத் தொடங்கினார்கள். நான் எழுதாத அந்த ஹலோதான் பாட்டுக்கு உயிர் என்று எனக்கு அப்போதே பட்டது.

எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மச்சாள் நிறைகுடத்தோடு கடப்படியில் நின்றாள். குளித்துச் சேலை உடுத்து, தலையில் பூ வைத்து, வசை கேட்க ஆசையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கூட்டத்தில் கண்டதும் சிரிப்பு இன்னும் அகன்றது. தன் அத்தான் எழுதிய பாட்டு என்று அவளுக்குப் பெருமை. அவள் பின்னால் தென்சேரிப் பெண்கள், அவர்களுக்குள் என் மனைவி. அங்கே வந்து பெருங்குரல்காரரின் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமினார், தண்ணீர் குடித்தார், சரிவரவில்லை. என் தோளில் கை போட்டு முன்னால் தள்ளினார்.

"நீங்க எழுதின பாட்டுத்தானே. எடுத்து உடுங்க கவிஞரே!"

மறுத்திருக்கலாம். ஆமை மாப்பிள்ளையைப் பாடியிருக்கலாம். பின்னால் இருநூறு பேர் காதில் கை வைத்துக் காத்துக்கொண்டு நின்றார்கள். இந்த வெறியை நான் பிடித்து வைத்திருக்கவில்லை, அதுதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு அந்த நேரம் தலை தெளிவாக இருந்தது. இழவு, முதல் அடியில் 'ஆசைக்கதை'யை எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்றுகூட யோசித்தேன். யோசித்துவிட்டுப் பாடினேன்.

முதல் வரிக்கு மச்சாள் சிரித்தாள். இரண்டாவது வரியில் அவளுக்கு விளங்கியது. ஆனால் சிரிப்பை எடுக்கவில்லை. வழமை அப்படி, எடுத்தால் சேரி இரண்டாம் தரம் தோற்றுவிடும். கண் மட்டும் என் முகத்தில் நின்றது. மூன்றாவது வரியில் நிறைகுடம் ஆடி வாயோரத்தால் தண்ணீர் வழிந்து சேலையை நனைத்தது. நான் நாலு வரியையும் முடித்தேன். சனம் "ஹலோ, ஹலோ" என்று குலுங்கியது. திரும்பத் திரும்ப ஏழு தடவையாவது பாடியிருப்போம். ஏழு தடவையும் அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். என் மனைவியும் சிரித்தாள். எந்த நேரமும் போனோடு திரிகிற தங்கைக்கு ஒரு நல்ல பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். தங்கையின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் அவள் சிரிப்பு நின்றது.

வீட்டுக்கு வந்து கையில் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வாசலில் நின்றாள்.

"அது மெய்யா?"

நான் மருந்துப் போத்தலை மூடினேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன். ஆவணி, பற்றறி, காத்தான்குடி, எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை.

"எனக்குச் சொல்லாம வெச்சிருந்தீங்க. மறுகா ஊருக்கே மேளம் அடிச்சுச் சொல்லியிருக்கீங்க," என்றாள். "பொய்யச் சொல்லி ஏசத்தானே கொம்பு. மெய்யச் சொல்றதுக்கு என்னத்துக்கு அம்மன்?"

மூன்றாம் நாள் குளிர்த்தி. நானும் மச்சாளும் ஒரே வரிசையில் நின்றோம். பூசாரியார் வேப்பிலையால் தெளித்த தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் "எல்லாம் சரி, எல்லாம் குளிர்ந்திட்டு," என்று என் முதுகில் தட்டினார். மன்னிப்புக் கேட்கக்கூடாது என்ற வழமை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதற்குள் ஒளித்துக்கொண்டேன். அன்று இரவு மழையும் பெய்தது. ஊர் சந்தோசப்பட்டது.

ஆனால் போன்களுக்குக் குளிர்த்தி இல்லை. மடிக்குள் போன போன்கள் ஊர்வலத்தில் திரும்பவும் வெளியே வந்திருந்தன. நான் அவள் கடப்படியில் பாடுகிறது, அவள் சிரிக்கிறது, இருநூறு பேர் காதில் கை வைத்து ஆடுகிறது, எல்லாம் ஒரு நிமிட வீடியோவாக ஊர்க் குழுக்களில் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒழுங்கையால் போகும்போது காதில் கை வைத்தார்கள். ஆனி மாதம் பக்கத்து வீட்டில் ஒரு சாமத்தியச் சடங்கு நடந்தது. ஆலாத்தி எடுக்க வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். மச்சாளுக்குச் சாப்பாடு ஒரு பெட்டியில் வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு அவள் ஆறு மணிக்கு வேலியடிக்கு வந்தாள். குளிர்த்திக்கு மற்ற நாளே வந்தாள். எனக்கு முதலில் விளங்கவில்லை, மனைவிதான் சொன்னாள். அவள் நிறுத்தினால் பாட்டு மெய் என்று ஆகிவிடும். நிறுத்தாத வரைக்கும் அது வசை, வசை என்றால் பொய். அதனால் அவள் ஒரு நாளும் தவறாமல் வந்து, முன்னையைவிடச் சத்தமாகக் கதைத்தாள். சனத்துக்கும் அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் ஏதாவது வேலை வந்தது. கடைக்குப் போகிறவர்கள் சுற்றிப் போனார்கள். ஏழெட்டுப் பேர் ஒழுங்கையோர மதகில் குந்தியிருந்து பார்த்தார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்டால் மதகிலிருந்து "ஓம், சாப்பிட்டன்!" என்று ஆண் குரலில் பதில் வரும். அவள் கேட்காத மாதிரிக் கதையைத் தொடர்வாள். என்னைப் பார்த்துத் தலை அசைப்பது மட்டும் நின்றுபோனது.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மதகில் வழமையான ஆட்கள். மச்சாள் வேலியடியில் நின்று "ஓம், இஞ்சயும் வெயில்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் காதில் வைத்திருந்த போன் மணியடித்தது.

திடுக்கிட்டு அவள் கை உதறியது. போன் விழப்போய்ப் பிடித்தாள். மதகில் ஆரவாரம் எழுந்தது. கதைத்துக்கொண்டிருந்த போன் மணியடித்தால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். விசில் அடித்தார்கள். காதில் கை வைத்து "ஹலோ, ஹலோ" என்றார்கள். மச்சாளுக்கு அது ஒன்றும் கேட்கவில்லை. திரையைப் பார்த்தாள். பிறகு, பழைய பழக்கத்தில், என்னைத் தேடிப் பார்த்தாள். அன்றைக்குத் தலை மேலும் கீழும் அசைந்தது. அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. என்னை மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஒழுங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை எடுத்தாள். ஒன்றரை வருசத்துக்குப் பிறகு வந்த அழைப்பில் அவள் ஒன்றும் கதைக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு தரம் "ஓம்" என்றாள். மதகிலிருந்து ஒருவன், "இண்டைக்கு நடிப்புச் சரியில்ல கா," என்றான். ஐந்தாறு நிமிடத்தில் போனை இறக்கினாள். வேலிக்குக் கிட்ட வந்தாள்.

"அவர்தான்," என்றாள்.

"என்னவாம்?"

"பாட்டுக் கேட்டவராம். ஆரோ வீடியோவ அனுப்பியிருக்காங்க. அவர்ர றூமுல இருக்கிற ஆக்களெல்லாம் காதுல கை வெச்சு ஆடுறாங்களாம்." குரல் நிதானமாக இருந்தது. "நாந்தான் ஊரெல்லாம் சொல்லி அவர நாறடிச்சிட்டன் எண்டு சொல்றார். இனி இஞ்ச வர மாட்டாராம். நம்பரையும் மாத்தப்போறாராம்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாலு வரியும் பாடமாச் சொன்னவர், அத்தான். ஒரு சொல்லும் பிழைக்கல்ல."

இருபது வருசம் எழுதியிருக்கிறேன். என் கவிதையில் ஒரு வரியை ஒருவரும் எனக்கு முன்னால் பாடமாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கும் ஒரு வரி தெரியாது. கடலுக்கு அங்கால் இருக்கிற ஒருவன் நாலு வரியையும் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறான் என்று கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது மகிழ்ச்சி. துக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. துக்கம் வந்து சேர்வதற்குள் என் வாய் கேட்டுவிட்டது.

"மெட்டோடயா?"

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஓம்," என்றாள். "மெட்டோடதான்."

அதற்கு மற்ற நாள் ஆறு மணிக்கு மதகில் வழமைபோல ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நானும் முற்றத்தில் நின்றேன். வேலியடிக்கு ஒருவரும் வரவில்லை. மச்சாளின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவர்கள் கால் மணி நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"அப்ப பாட்டு மெய்தான் கா," என்று சொன்னார். மற்றவர்களும் எழும்பிப் போனார்கள்.